சிந்தெடிக் ஆயில் வேனில் இரும்பு 42, சாதா ஆயில் வேனில் 24: ஆய்வறிக்கையை எப்படிப் படிப்பது?

பூவண்டி (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை நம்பி இரண்டு டீசல் சரக்கு வேன்களை ஓட்டி வருகிறேன். இரண்டும் ஒரே மாடல், ஒரே மாதத்தில் வாங்கிய பி.எஸ்.-6 வண்டிகள். முதல் வேன் விடியற்காலையில் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் நின்று நின்று பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும். இரண்டாவது வேன் மார்க்கெட்டிலிருந்து உசிலம்பட்டி, தேனி வழியாகக் கம்பம் வரை ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்பும்.

முதல் வேனில் அலைச்சல் அதிகம் என்பதால் அதற்கு மட்டும் விலை கூடிய 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில் ஊற்றினேன். இரண்டாவதில் வழக்கமான 15டபிள்யூ-40 சாதா ஆயிலே தொடர்கிறது. இரண்டு கேன்களிலும் டீசல் இன்ஜின் ஆயில் தரத்துக்கான ஏ.பி.ஐ. சி.கே.-4 முத்திரை உண்டு. ஆயில் மாற்றும்போது இரண்டிலிருந்தும் பழைய ஆயிலை எடுத்து ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த எண்கள் இவை.

சிந்தெடிக், 15,000 கி.மீ. ஓடியது: இரும்பு 42, அலுமினியம் 14, குரோமியம் 2, செம்பு 9, ஈயம் 2, சிலிக்கான் 34 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு); 100 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை 12.2 சென்டிஸ்டோக், டி.பி.என். (அமிலத்தை முறிக்கும் காரச் சேமிப்பு) 5.8.

சாதா, 8,000 கி.மீ. ஓடியது: இரும்பு 24, அலுமினியம் 4, குரோமியம் 1, செம்பு 7, ஈயம் 2, சிலிக்கான் 9 பி.பி.எம்.; பாகுத்தன்மை 14.6, டி.பி.என். 6.1.

இரும்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருப்பதைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கிய ஆயில் இன்ஜினைக் கூடுதலாகத் தேய்க்கிறது என்றுதான் இதற்குப் பொருளா? என் மெக்கானிக் சாதா ஆயிலுக்கே திரும்பச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

பணிமனை ஓய்வாளர் எழுதியது:

தம்பி, பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மெக்கானிக்கின் முடிவை ஏற்பதற்கு முன் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டத்தைப் பாருங்கள். 42 என்பது 15,000 கிலோமீட்டரில் சேர்ந்தது. 24 என்பது 8,000 கிலோமீட்டரில் சேர்ந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு வகுத்தால் சிந்தெடிக் வேனில் 2.8, சாதா வேனில் 3.0 வருகிறது. நீங்கள் கண்டு கலங்கிய இரட்டிப்பு அந்த ஒரு வகுத்தலிலேயே மறைந்துவிடுகிறது.

ஆனால் இதை வைத்துச் சிந்தெடிக் வென்றது என்றும் சொல்லிவிட முடியாது. டிரெயின் நட்டைக் கழற்றினாலும் இன்ஜினுக்குள் பழைய ஆயில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். உங்கள் வேன் ஏழு லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அரை லிட்டர் தங்கினாலே 40 பி.பி.எம். இருந்த பழைய ஆயில் புது ஆயிலுக்கு 3 பி.பி.எம். இரும்பைச் சீதனமாகக் கொடுத்துவிடும். எந்த ஆயிலும் சுழியத்தில் தொடங்குவதில்லை. இடைவெளி குறைவாக இருக்கும்போது இந்தப் பழைய பாக்கி விகிதத்தில் பெரிதாகத் தெரியும்.

அதைவிட முக்கியமாக, இடையில் டாப் அப் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. 12,000 கிலோமீட்டர் வாக்கில் ஒரு லிட்டர் புது ஆயில் ஊற்றியிருந்தால், அதுவரை சேர்ந்திருந்த இரும்பு ஏழில் ஒரு பங்கு நீர்த்துப் போய், கடைசி எண் ஏறத்தாழ 5 பி.பி.எம். குறைத்துக் காட்டும். அப்போது உண்மைக் கணக்கு 47 ஆகி, ஆயிரத்துக்கு 3.1 என்று வரும். சாதா ஆயிலின் 3.0 மறுபடியும் முன்னால் போய்விடும். ஒரு லிட்டர் டாப் அப்பில் தலைகீழாக மாறிவிடுகிற முடிவை நம்பி எந்த ஆயில் சிறந்தது என்று தீர்ப்பு எழுதலாமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என் கண் போனது இரும்பின் மேல் அல்ல. சிலிக்கான் 34, அதோடு அலுமினியம் 14. இவை இரண்டும் கைகோத்து ஏறினால் இன்ஜினுக்குள் மண் தூசு போகிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரித் தூசு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ஏர் ஹோஸில் விரிசல் இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஹோஸின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால் துணியில் மண் ஒட்டினால் வேறு சாட்சி தேவையில்லை. மண் உள்ளே போகிற இன்ஜினில் எந்த ஆயிலை ஊற்றினாலும் இரும்பு ஏறத்தான் செய்யும்.

ஆயிலை எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வண்டி ஓடி நின்ற சூட்டோடு நட்டைக் கழற்றி, முதலில் வருகிற வண்டலை விட்டுவிட்டு, நடு ஓட்டத்தில் சுத்தமான பாட்டிலில் பிடித்திருக்க வேண்டும். பட்டறைத் தட்டில் வடிந்து கிடந்ததை அள்ளியிருந்தால், பத்து வண்டிகளின் கதை உங்கள் பாட்டிலில் கலந்திருக்கும்.

---

எண்ணெய்ச் சோதனையாளர் எழுதியது:

ஆயில் சோதனை ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். பணிமனை ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். சோதனைச்சாலைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நாங்கள் அனுப்பும் அறிக்கைகள் இப்படித் தவறாகப் படிக்கப்படுவதை அடிக்கடிப் பார்க்கிறேன்.

பழைய ஆயிலை நிறமாலையில் பார்க்கும் முறையை 1940-களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தங்கள் டீசல் இன்ஜின்களுக்காகக் கையாளத் தொடங்கின. எந்த இன்ஜினில் பேரிங் போகப் போகிறது, எதில் குளிரூட்டு நீர் கசிகிறது என்று உடைவதற்கு முன்பே அறிவதுதான் அவர்களின் தேவை. இன்றும் இந்தச் சோதனை மிகச் சிறப்பாகச் செய்கிற வேலை அதுவே. இரண்டு ஆயில்களுக்குள் தேய்மானப் போட்டி நடத்துவதற்காக இது உருவாகவில்லை.

காரணம் கருவியிலேயே இருக்கிறது. ஐ.சி.பி. என்ற நிறமாலைக் கருவியில் ஆயிலைப் புகையாகத் தெளித்துப் பிளாஸ்மாச் சுடரில் எரிக்கிறோம். ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய ஒளியை உமிழ்கிறது. ஏறத்தாழ 5 முதல் 8 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட சிறு துகள்கள்தான் அந்தச் சுடரில் முழுமையாக எரியும். அதைவிடப் பெரிய துகள்கள் பாட்டிலின் அடியில் இருந்தாலும் எண்ணில் ஏறுவதில்லை. கேம் ஷாஃப்ட் செதில் செதிலாகப் பெயர்கிற இன்ஜினிலிருந்து நல்ல பிள்ளை போன்ற அறிக்கை வரக்கூடும். அதனால்தான் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்துப் பார்க்கும்படி சொல்கிறோம். காந்தத்தில் ஒட்டும் துகள்களை அளக்கத் தனிச் சோதனையும் உண்டு. மேலும், ஒரே பாட்டிலை இரண்டு முறை சோதித்தாலே சில பி.பி.எம். முன்பின் வரும், அது கருவியின் இயல்பு.

தேய்மானத்தில் ஒரு ஆயிலின் தரத்தை அறிய வேறு வழி இருக்கிறது, அந்த வேலை உங்கள் கேன் கடைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சி.கே.-4 முத்திரை பெற வேண்டுமானால், சோதனை மேடையில் இன்ஜின்களை ஓட்டி, பிறகு பிரித்துப் பாகங்களை அளக்க வேண்டும். கம்மின்ஸ் ஐ.எஸ்.பி. சோதனையில் கேமின் தேய்வையும் டேப்பட்டின் எடைக் குறைவையும் அளப்பார்கள். வால்வோ டி-13 சோதனையில் ஆயில் எவ்வளவு ஆக்ஸிஜனேற்றத்தைத் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் இரண்டு ஆயில்களும் ஒரே தேர்வில் தேறியவை. அந்தத் தேர்வு சொல்லாத வேறுபாட்டை, வேறு வேறு சாலையில் ஓடிய இரண்டு வேன்களின் ஒற்றை அறிக்கை சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது.

அப்படியானால் சிந்தெடிக்குக்குக் கூடுதல் விலை கொடுத்ததன் பலனை எங்கே தேடுவது? உலோக வரிசையை விட்டுவிட்டு ஆயிலின் உடல்நிலையைச் சொல்லும் வரிசைக்கு வாருங்கள். பாகுத்தன்மை நிற்கிறதா, டி.பி.என். என்ற காரச் சேமிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, ஆக்ஸிஜனேற்றம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். டீசல் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்கத்தான் இந்தச் சேமிப்பு. பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். தான், முன்பிருந்த பி.எஸ்.-4 டீசலில் 50 வரை இருக்கலாம். கந்தகம் மிகுந்திருந்த காலத்தில் எழுதப்பட்ட ஆயில் மாற்று இடைவெளிகளை இன்றைக்கு அப்படியே கடைப்பிடிப்பவர்கள், நல்ல ஆயிலைப் பாதி வாழ்விலேயே வடித்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: புது ஆயிலின் மாதிரியையும் அதே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பனைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் டி.பி.என். பெரும்பாலும் ஏ.எஸ்.டி.எம். டி2896 முறையில் அளந்தது. பழைய ஆயிலைப் பல ஆய்வகங்கள் டி4739 முறையில் அளக்கின்றன. இரண்டாவது முறை பழைய ஆயிலுக்குக் குறைவான எண்ணைத் தரும். கையேட்டு எண்ணிலிருந்து அறிக்கை எண்ணைக் கழித்தால், ஆயில் இழக்காததையும் இழந்ததாகக் கணக்கிடுவீர்கள். ஆக்ஸிஜனேற்றத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. சில சிந்தெடிக் ஆயில்களில் எஸ்டர் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் எஸ்டரும் ஆக்ஸிஜனேற்றமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரிவதால், கேனைத் திறந்த அன்றே கெட்டுப்போன ஆயில் போல அறிக்கை வரும். சிந்தெடிக் என்ற சொல்லே ஒரு பொருளைக் குறிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1999-இல் மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மீது எழுப்பிய விளம்பரப் புகாரில், அமெரிக்க விளம்பரத் தீர்வமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அதிலிருந்து, கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயும் சிந்தெடிக் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. உங்கள் கேனில் எது இருக்கிறது என்பதைப் புது ஆயில் மாதிரிதான் அறிவதற்கு உதவும்.

கடைசியாக, சிலிக்கானுக்கு அடுத்தபடி உங்கள் அறிக்கையில் நான் கவலைப்படும் எண் 12.2. 5டபிள்யூ-40 என்பதில் உள்ள 40 என்ற தரத்துக்கு 100 டிகிரியில் பாகுத்தன்மை 12.5-க்குக் குறையக்கூடாது. உங்கள் சிந்தெடிக் 30-ஆம் தரத்துக்கு இறங்கிவிட்டது. சூட்டில் ஆயில் நீர்த்துவிடாமல் இருக்கக் கலந்துள்ள பாலிமர் அரைபட்டுக் குறைந்திருக்கலாம்; ஆனால் நின்று நின்று ஓடும் பி.எஸ்.-6 வண்டி என்றால் டீசல் கலப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க ரீஜெனரேஷன் நடக்கும்போது இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும்; பாதியில் வண்டியை அணைத்துவிட்டால் அது மறுபடி மறுபடி தொடங்கும்; அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். தீப்பற்று வெப்பநிலைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பாலிமர் அரைபட்டிருந்தால் அந்த எண் பெரிதாக மாறாது. டீசல் கலந்திருந்தால் கண்கூடாக இறங்கும்.

---

பூவண்டி எழுதியது:

இருவருக்கும் என் நன்றி. ஐயா கேட்டவற்றை எல்லாம் சரிபார்த்தேன். ஏர் ஹோஸ் டர்போவோடு சேரும் இடத்தில், கிளாம்ப்புக்குக் கீழே, விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது. வெள்ளைத் துணி செம்மண் நிறமாக வந்தது. இந்த வண்டியை இதே நிலையில் எத்தனை மாதம் ஓட்டினேனோ என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது. ஹோஸையும் ஃபில்டரையும் அன்றே மாற்றிவிட்டேன்.

டாப் அப் பற்றி ஓட்டுநரிடம் கேட்டேன். சித்திரைத் திருவிழா வாரத்தில் ஒரு லிட்டர் ஊற்றியதாகவும், நோட்டில் எழுத மறந்துவிட்டதாகவும் சொன்னார். ஆயில் மாதிரியைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. நடு ஓட்டத்தில்தான் பிடித்தோம். மீட்டரில் ரீஜெனரேஷன் விளக்கு எரியும்போது வண்டியை அணைப்பது உண்டா என்று கேட்டதற்கு, மார்க்கெட் வாசலில் மூட்டை இறக்கும்போது எப்போதும் அணைத்துவிடுவதாகச் சொன்னார். அதில் என்ன கெடுதல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. மிச்சமிருந்த ஆயிலில் தீப்பற்று வெப்பநிலையைச் சோதிக்கக் கேட்டிருக்கிறேன். இரண்டு புது ஆயில்களின் மாதிரிகளையும் அனுப்பிவிட்டேன்.

---

திருமங்கலம் கார் எழுதியது:

இந்த உரையாடல் பயனுள்ளதாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. என் காரில் நான்கு லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். சோதனைக் கட்டணமும் கூரியர் செலவும் சேர்ந்தால் ஆயில் விலையில் பாதியைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஆயிலை மாற்றிவிட்டால் கவலையே இல்லையே? ஒற்றைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை தேவைதானா?

---

பணிமனை ஓய்வாளர் எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம்தான். கையேட்டில் குறித்த தரத்திலும் இடைவெளியிலும் ஆயில் தவறாமல் மாற்றப்படுகிற ஒற்றைக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை தேவையில்லை. ஆயிலின் ஆயுளை நீட்டுவதற்காக என்றால் உங்களுக்கு அது நட்டக் கணக்கு.

ஆனால் பூவண்டித் தம்பியின் வண்டியை எண்ணிப் பாருங்கள். அவர் முன்னதாக ஆயிலை மாற்றியிருந்தால் எண்கள் அழகாக வந்திருக்கும், ஹோஸ் விரிசல் மட்டும் அப்படியே இருந்திருக்கும். புது ஆயில் மண்ணைத் தடுக்காது. பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்கும்போதோ, குளிரூட்டு நீர் காரணமில்லாமல் குறையும்போதோ ஒரு முறை சோதித்துப் பார்ப்பது அந்தச் செலவுக்குத் தகும். குளிரூட்டு நீர் ஆயிலில் கலந்திருந்தால் சோடியமும் பொட்டாசியமும் காட்டிக்கொடுத்துவிடும். ஹெட் கேஸ்கட் முழுவதும் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

---

பூவண்டி எழுதியது (எட்டு மாதங்களுக்குப் பிறகு):

இந்த இழையைப் பின்னர் படிப்பவர்களுக்காக மீதியையும் பதிவு செய்கிறேன்.

முதலில் அந்தப் பழைய மாதிரி. புது சிந்தெடிக்கின் தீப்பற்று வெப்பநிலை 228 டிகிரி. என் வேனிலிருந்து எடுத்தது 186 டிகிரி. டீசல் கலப்பு உறுதியாயிற்று. புது ஆயில்களின் எண்களும் வந்தன. சிந்தெடிக்கில் பாகுத்தன்மை 14.1, டி.பி.என். 10.2, சாதா ஆயிலில் 14.9, 9.9. இரண்டையும் அதே ஆய்வகம் அதே முறையில் அளந்தது.

ஹோஸ் மாற்றிய பிறகு முதல் வேனில் மறுபடி அதே சிந்தெடிக் ஊற்றினேன். விளக்கு எரிந்தால் மூட்டையை இறக்கிவிட்டு, அது அணையும் வரை மேலூர் நான்கு வழிச் சாலையில் ஓட்டிவிட்டு வரும்படி ஓட்டுநரிடம் காரணத்தோடு எடுத்துச் சொன்னேன். அவரும் தவறாமல் செய்கிறார். 10,000 கிலோமீட்டரில் எடுத்த மாதிரியில் இரும்பு 19, அலுமினியம் 4, சிலிக்கான் 11, பாகுத்தன்மை 13.3. டாப் அப் எதுவும் இல்லை. ஆயில் மாறவில்லை, வண்டி மாறவில்லை; ஆயிரம் கிலோமீட்டருக்கு 2.8 ஆக இருந்த இரும்பு 1.9-க்கு வந்துவிட்டது.

ஆயிலைத் தனியாக எடைபோட வேண்டும் என்ற எண்ணத்தில், இரண்டாவது வேனிலும் அதே சிந்தெடிக்கை ஊற்றி, அதே கம்பம் ஓட்டத்தில், அதே 8,000 கிலோமீட்டரில் மாதிரி எடுத்தேன். இரும்பு 22, முன்பு சாதா ஆயிலில் 24. சோதனையாளர் சொன்ன கருவி ஊசலாட்டத்துக்குள் அடங்குகிற வேறுபாடு என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. டி.பி.என். மட்டும் 7.4 மிஞ்சியிருந்தது, சாதா ஆயிலில் அதே தூரத்தில் 6.1 தான் மிஞ்சியது. ஆகவே இந்த வேனில் சிந்தெடிக்கையே தொடர்ந்து, மாற்று இடைவெளியைக் கையேட்டு வரம்புக்குள் 12,000-க்கு நீட்டலாம் என்று இருக்கிறேன். ஆனால் 10,000-இல் ஆயிலை வடிக்காமல் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அதை எப்படி எடுப்பது?

---

எண்ணெய்ச் சோதனையாளர் எழுதியது:

சரியான முறையில் செய்திருக்கிறீர்கள். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே தூரம் என்று வைத்தபோதுதான் ஆயிலைப் பற்றிப் பேச இடம் கிடைத்திருக்கிறது. அப்படியும் ஒரு மாதிரியோடு நிறுத்தாமல், அடுத்த இரண்டு மாற்றங்களிலும் டி.பி.என். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காரச் சேமிப்பு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைவது வழக்கம். 8,000-இல் கண்ட வேறுபாடு 12,000-இல் அதே அளவில் இருக்கும் என்று இப்போதே கொள்ள வேண்டாம்.

வடிக்காமல் எடுப்பதற்குக் கையால் உறிஞ்சும் சிறிய பம்பு கிடைக்கிறது. வண்டி ஓடி நின்று பத்து நிமிடத்துக்குள் டிப் ஸ்டிக்கை உருவி, ஆயில் இருக்கும் உயரத்துக்கு அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். டிப் ஸ்டிக் துளை வழியே இறக்கும்போது குழாயின் நுனி ஆயிலின் நடுவில் நிற்க வேண்டும். அடித்தட்டைத் தொட்டால் வண்டல் ஏறிவிடும். ஒவ்வொரு வேனுக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் குழாயையே பயன்படுத்துங்கள். பாட்டிலில் முக்கால் பங்கு போதும், 100 மில்லி இருந்தால் எல்லாச் சோதனைகளும் நடக்கும். வண்டி எண், மொத்தக் கிலோமீட்டர், ஆயில் ஊற்றிய பிறகு ஓடிய கிலோமீட்டர், டாப் அப் செய்த அளவு ஆகிய நான்கையும் பாட்டிலை மூடிய கையோடு அதன் மேலேயே எழுதிவிடுங்கள். எடுத்த ஆயிலுக்கு ஈடாக அதே ஆயிலை ஊற்றினால், அதையும் டாப் அப் கணக்கில் நோட்டில் சேருங்கள்.